உங்கள் நம்பர்?

டெல்லியில் மருந்து வாங்குவதற்கு இப்போது ஒரு சடங்கு இருக்கிறது. கவுன்ட்டர் பையன் மாத்திரை அட்டைகளைக் கத்தரித்து எண்ணி முடிப்பான். கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலேயே "மொபைல் நம்பர்?" என்பான். வரிசையில் நிற்பவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவிடுகிறார்கள். சத்தமாகவே சொல்கிறார்கள். வெளியே ஈ-ரிக்‌ஷாக்களின் இரைச்சலில் மெதுவாகச் சொன்னால் கேட்காது. பின்னால் நிற்பவர் விரும்பினால் குறித்துக்கொள்ளலாம். அதற்கு முன்பே மருந்தின் பெயரும் அவர் காதில் விழுந்திருக்கும்.

போன மாதம் ஒரு நாள் நான் நம்பர் சொல்ல மறுத்துவிட்டேன். கொள்கைப் பிடிப்பு எதுவும் இல்லை. எரிச்சல்தான். அன்று காலை மூன்றாவது முறையாக ஒரு பெண் என் பெயரைச் சொல்லி அழைத்து, வீட்டுக்கே ஆள் அனுப்பி ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கும் திட்டம் ஒன்றை விளக்கியிருந்தாள். எனக்குச் சர்க்கரை இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? மருந்துக் கடையிலிருந்துதான் போயிருக்கும் என்று என்னால் நிரூபிக்க முடியாது. டாக்டரின் வரவேற்பறை, பரிசோதனைக் கூடம், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று பத்துப் பேரிடம் அந்த நம்பர் இருக்கிறது. யாரையும் கையும் களவுமாகப் பிடிக்க முடியாது என்பதே இந்த வியாபாரத்தின் சௌகரியம்.

"நம்பர் போடாட்டி பில் வராது, அங்கிள்" என்றான் பையன்.

"அப்படியானால் மருந்தை நீயே வைத்துக்கொள்."

என்னை ஒரு தடவை பார்த்தான். எனக்குப் பின்னால் நீண்ட வரிசையை ஒரு தடவை பார்த்தான். பிறகு ஒன்பதைப் பத்து முறை தட்டினான். பில் வந்தது.

அவனிடம் கோபப்படுவதில் அர்த்தமில்லை. அன்றைக்கு எத்தனை பில்லில் நம்பர் ஏறியிருக்கிறது என்று மேனேஜர் சாயங்காலம் பார்ப்பாராம். குறைந்தால் திட்டு. நான் மறுத்தது கடையின் முதலாளியை அல்ல, மாதச் சம்பளத்துக்கு நிற்கிற ஒரு பையனை. இந்த ஏற்பாட்டை யோசித்தவர்கள் கவுன்ட்டருக்கு வருவதே இல்லை.

சட்டம் இதைக் கேட்கிறதா என்றால், இல்லை. சில ஆன்டிபயாட்டிக்குகள், காசநோய் மருந்துகள், பழக்கமாகிவிடக்கூடிய மாத்திரைகள் ஆகியவற்றை விற்றால் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்று 2014 முதல் விதி இருக்கிறது. ஹெச்1 பட்டியல் என்பார்கள். டாக்டரின் பெயர், விலாசம், நோயாளியின் பெயர், மருந்து, அளவு. அவ்வளவுதான். அத்தனை கண்டிப்பான அந்தப் பதிவேட்டில்கூட செல்போன் எண்ணுக்குக் கட்டம் கிடையாது. 2023 மே மாதத்தில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, வாடிக்கையாளரிடம் நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று வியாபாரிகள் சங்கங்களுக்குச் சொன்னது. கட்டாயப்படுத்துவது நியாயமற்ற வணிக நடைமுறை என்றும் சொன்னது. மருந்துக் கடைப் பையனுக்கு அந்த அறிவுரை வந்து சேரவில்லை.

வீட்டுக்கு வந்து வீரக் கதையைச் சொன்னேன். "உங்களிடம் என்ன பெரிய ரகசியம் இருக்கிறது? நீங்கள் சர்க்கரை மாத்திரை சாப்பிடுவது இந்த பிளாக்குக்கே தெரியும்" என்றாள் மனைவி. நியாயம்தான். நான்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலை நடைப்பயிற்சியில் இரண்டு அபிப்ராயங்கள் கிடைத்தன. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், "எனக்கு மறைக்க ஒன்றுமில்லை, கேட்டால் கொடுத்துவிடுவேன்" என்றார். அவருடைய பென்ஷன் எவ்வளவு என்று கேட்டேன். சிரித்தார். யமுனையில் நுரை அதிகமாகிவிட்டதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இன்னொருவர் இளைஞர், சாஃப்ட்வேர்காரர். "எல்லாமே ஏற்கெனவே போய்விட்டது அங்கிள். இனிமேல் கதவைச் சாத்தி என்ன பிரயோஜனம்?" என்றார். அப்படிச் சொன்னவர் இரண்டு சிம் வைத்திருக்கிறார். ஒன்று வங்கிக்கும் வீட்டுக்கும், மற்றது கடைகளுக்கு. அந்த இரண்டாவது போனை அவர் எடுப்பதே இல்லை. நல்ல யோசனைதான். ஆனால் மாதா மாதம் இரண்டு ரீசார்ஜுக்குப் பணம் இருப்பவரின் யோசனை.

எங்கள் தலைமுறைக்கு இந்த விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் டெலிபோன் டைரக்டரியில் பெயர், விலாசம், நம்பர் மூன்றும் அச்சாகி வீடு வீடாக வந்தன. வருஷக் கணக்கில் காத்திருந்து போன் வாங்கிய என் சித்தப்பா, புது டைரக்டரி வந்ததும் முதலில் தன் பெயரைத்தான் தேடினார். யாரும் அதை அந்தரங்க மீறல் என்று சொல்லவில்லை. அந்தஸ்து என்றார்கள். செல்போன் வந்தபோது நிலைமை தலைகீழ். 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டெல்லியில் இருந்த சுக்ராமை அழைத்ததுதான் நாட்டின் முதல் செல்போன் உரையாடல். நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆன காலம் அது. வருகிற அழைப்புக்கும் காசு. ஆகவே நம்பரைப் பொத்திப் பொத்தி வைத்தோம். 2003-இல் வருகிற அழைப்புகள் இலவசமாயின; அன்றிலிருந்து கை தாராளமாகிவிட்டது.

டைரக்டரி நம்பருக்கும் இன்றைய நம்பருக்கும் ஒரு வித்தியாசம். அது வீட்டு வரவேற்பறையோடு நின்றது. இது வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் சிலிண்டர், ரயில் டிக்கெட், பால்காரருக்குப் பணம் அனுப்புகிற யுபிஐ எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே நூல். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மற்றவையும் வரும். பெண்களுக்கு வேறு விதமான ஆபத்தும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகள் சிலவற்றில் பெண்களின் நம்பர்கள் விற்கப்படுகின்றன என்று 2017 பிப்ரவரியில் பத்திரிகைச் செய்தி வந்தது. 50 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை. பெண் பார்க்க எப்படி இருக்கிறாள் என்பதைப் பொறுத்து விலை. அடுத்த ஆண்டே ஒரு டெலிபோன் நிறுவனம், பெண்கள் கடையில் சொந்த நம்பரைச் சொல்லாமல் ஒரு பொய் நம்பரைக் காட்டி ரீசார்ஜ் செய்யும் வசதியைக் கொண்டுவந்தது. இப்படி ஒரு வசதி தேவைப்பட்டது என்பதே எத்தனை பெண்கள் எரிச்சலை விழுங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதற்குச் சாட்சி.

இதற்கெல்லாம் இப்போது சட்டம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களின் மீதான முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம். அவசரமில்லாத சட்டம். தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது.

பொழுது போகாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் படித்தேன். சட்டங்களில் வழக்கமாக மனிதர் என்றால் 'அவன்'. இந்தச் சட்டம் ஆணோ பெண்ணோ எல்லோரையும் 'அவள்' என்று குறிப்பிடுகிறது. நடுநடுவே சின்னச் சின்னக் கதைகளும் வருகின்றன. ஒரு கதை சாட்சாத் மருந்துக் கடையைப் பற்றியது! ஒருத்தி கடையில் மருந்து வாங்குகிறாள். பணம் கட்டியதற்கான ரசீதைத் தன் போனுக்கு அனுப்பும்படி அவளாகவே விரும்பி நம்பரைக் கொடுக்கிறாள். கடை அந்த நம்பரை ரசீது அனுப்பப் பயன்படுத்தலாம் என்கிறது சட்டம். வேறு எதற்கும் அல்ல என்பது அர்த்தம். இன்னொரு கதையில் டாக்டரை போனிலேயே பார்க்க உதவும் ஆப் ஒன்று, சிகிச்சைக்கு அனுமதி கேட்கும்போதே போனில் உள்ள மற்றவர்களின் பெயர்ப் பட்டியலையும் கேட்கிறது. அவள் சரி என்று இரண்டுக்கும் சேர்த்து அழுத்திவிட்டாலும், சிகிச்சைக்குத் தேவையில்லாத பட்டியலுக்கு அந்தச் சம்மதம் செல்லாது. ஒப்புதல் என்பது சுயேச்சையாக, விஷயம் தெரிந்து, நிபந்தனை இல்லாமல் கொடுக்கப்பட வேண்டும் என்பது சட்டத்தின் வாசகம். படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த முறை மருந்துக் கடையில் மேற்கோள் காட்டலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது போன் மணி அடித்தது. உங்கள் பணிப்பெண் உள்ளே வந்துவிட்டார், மாலை 5.12.

மயூர் விஹாரில் நாங்கள் இருக்கும் சொசைட்டியில் ஐந்தாறு வருஷமாக ஒரு ஆப் இருக்கிறது. பெரிய ஊர்களில் பல அடுக்ககங்களில் இப்போது இப்படி ஒன்று உண்டு. யார் வந்தாலும் கேட்டில் இருக்கும் காவலாளி எங்கள் போனுக்கு அனுப்புவார். நாங்கள் அனுமதி என்று அழுத்தினால் கதவு திறக்கும். கூரியர்காரர் ஐந்து நிமிஷத்தில் போய்விடுவார். தினமும் வருகிறவர்கள் வேலைக்காரப் பெண்கள், சமையல்காரர்கள், டிரைவர்கள். அவர்களுடைய போட்டோ, ஆதார் நகல், நம்பர் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. ஒரு பெண் எந்தெந்த வீட்டில் வேலை செய்கிறாள், எத்தனை மணிக்கு உள்ளே வந்தாள், எத்தனை மணிக்கு வெளியே போனாள், இந்த மாதம் எத்தனை நாள் மட்டம் என்பதைச் சொசைட்டியில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நட்சத்திரங்களும் உண்டு. ஐந்துக்கு எத்தனை என்று வீட்டுக்காரர்கள் மதிப்பெண் போடலாம். கீழே ஒரு வரி எழுதலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் முறையாக அவளுடைய பக்கத்தைத் திறந்து முழுதாகப் பார்த்தேன். மூன்றே முக்கால் நட்சத்திரம். 'நேர்மையானவள், ஆனால் எதிர்த்துப் பேசுவாள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். போன துர்கா பூஜையின்போது சொல்லாமல் மால்டாவுக்குப் போய் ஒன்பது நாள் வரவில்லை என்பதற்காக மூன்று நட்சத்திரம் போட்டிருந்தவர்களில் ஒருவர் என் பிளாட் எண்ணைச் சேர்ந்தவர். மனைவி ஆப்பைத் திறப்பதில்லை. ஆகவே நான்தான். போட்டது ஞாபகமே இல்லை.

அவள் நம்பர் என் போனில் எந்தப் பெயரில் இருக்கிறது என்றும் பார்த்தேன். 'மெய்ட் புதுசு'. அவள் வேலைக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன புட்டசாமி வழக்கு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ந்தது. அது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தீர்ப்பு ஓரளவு ரத்து செய்த பழைய வழக்கு ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்துக் கரக் சிங் என்பவருடையது. 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடித்து, சாட்சியம் இல்லை என்று போலீஸே விட்டுவிட்ட மனிதர். ஆனால் அவர் பெயரில் ஒரு கோப்பு திறந்துவிட்டார்கள். இரவில் கதவைத் தட்டி எழுப்பிப் பார்த்தார்கள். வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவருடைய நடமாட்டத்தையும், எப்போது வீட்டில் இல்லை என்பதையும் சௌகிதார்களும் கான்ஸ்டபிள்களும் தெரிவிக்க வேண்டும் என்பது மாநிலப் போலீஸ் விதி. 1962 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இரவில் கதவு தட்டுவதை மட்டும் தடுத்தது. சௌகிதார் கணக்கு எழுதுவதில் தவறில்லை, அந்தரங்கம் என்ற உரிமை அரசியல் சாசனத்தில் இல்லை என்றது. நீதிபதி சுப்பாராவ் இன்னொரு நீதிபதியோடு சேர்ந்து மாறுபட்டார்; அந்த விதி முழுவதுமே செல்லாது என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது என்று ஏற்க நாட்டுக்கு 55 வருஷம் ஆயிற்று.

எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாத ஒருவரின் போக்குவரத்தைச் சௌகிதார் எழுதி வைப்பது என்றால் எனக்கு இப்போது கரக் சிங் ஞாபகம் வரவில்லை, எங்கள் கேட்தான் ஞாபகம் வருகிறது. அரசாங்கம் செய்தது வேறு, தனியார் சொசைட்டி செய்வது வேறு என்று வக்கீல்கள் சொல்வார்கள். சரிதான். புதிய சட்டமே வேலை நிமித்தமாகவும் முதலாளிக்கு நஷ்டம் வராமல் காக்கவும் தேவையான தகவலை ஒப்புதல் இல்லாமல் பயன்படுத்த இடம் தருகிறது.

சங்கக் கூட்டத்தில் இதைக் கிளப்பினேன். நட்சத்திரத்தையும் வருகைக் கணக்கையும் எடுத்துவிடலாமே, யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காவலாளிக்குத் தெரிந்தால் போதாதா என்று கேட்டேன். பாதுகாப்பு என்றார்கள். அதை நான் கேலி செய்ய மாட்டேன். மூன்றாவது மாடியில் 84 வயது அம்மாள் தனியாக இருக்கிறார். யார் வருகிறார்கள் என்று மும்பையில் இருக்கும் மகனுக்குத் தெரிவது நல்லதுதான். முன்பு இருந்த தடித்த நோட்டுப் புத்தகத்தில் எல்லோருடைய நம்பரையும் போகிறவர் வருகிறவர் புரட்டிப் பார்த்தார்கள். அதைவிட இது மேல் என்றும் சொல்லலாம். ஆனால் 84 வயது அம்மாளின் பாதுகாப்புக்கு 'எதிர்த்துப் பேசுவாள்' என்ற வரி எப்படி உதவும் என்பதை யாரும் விளக்கவில்லை. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் விஷயத்தை முடித்துவைத்தார்: "அவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே!"

போட்டிருக்கிறார்கள். போடாவிட்டால் கேட் திறக்காது. நம்பர் போடாவிட்டால் பில் வராது என்று பையன் சொன்னபோது நான் மருந்தைத் திருப்பித் தருவதாக மிரட்டினேன். தெருக் கோடியில் இன்னொரு கடை இருக்கிறது. நான்கு வீட்டு வருமானத்தை அவள் யாரிடம் திருப்பித் தருவதாக மிரட்டுவாள்?

தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு லிஃப்ட் பழுதுக்குப் போய்விட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை கேட்டிலிருந்து போன். வேலைக்காரப் பெண்களின் வருஷாந்தரப் பதிவைப் புதுப்பிக்கிறார்களாம். அவள் போனுக்கு ஓடிபி போகவில்லை, உள்ளே விட முடியாது என்றார் காவலாளி. கீழே போனேன். அவள் சுவரோரம் நின்றிருந்தாள். பழைய நம்பரை விட்டுவிட்டாளாம். ஒருவன் இரவு பத்து மணிக்கு மேல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பெயர் தெரியும், எந்த பிளாக்கில் வேலை செய்கிறாள் என்றும் தெரியும். ரீசார்ஜ் கடையிலிருந்து போயிற்றா, இங்கிருந்தா, அவளுக்குத் தெரியவில்லை. "புது நம்பரைச் சொல்லம்மா, ரெண்டு நிமிஷ வேலை" என்றார் காவலாளி. அவர் பீகார்க்காரர், நல்ல மனிதர். அவருக்கும் மேலே ஒருவர் கணக்குக் கேட்பார்.

அவள் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். சட்டத்தில் படித்த வாசகங்கள் ஒன்றும் எனக்கு வாயில் வரவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கீழே வந்தாள், விஷயத்தைக் கேட்டாள், காவலாளியிடம் தன்னுடைய நம்பரைக் கொடுத்தாள். ஓடிபி வந்தது. கேட் திறந்தது. இதனால் ஆப்பில் இப்போது அந்தப் பெண்ணின் போட்டோவுக்குக் கீழே என் மனைவியின் நம்பர் இருக்கிறது. வேறு வீட்டுக்காரர்கள் அவளைத் தேடினால் எங்கள் வீட்டில் மணி அடிக்கிறது. "இன்றைக்கு வருவாளா?" என்று கேட்கிறார்கள். மனைவி அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல்கிறாள்.

அன்று மத்தியானம் பாத்திரம் தேய்த்து முடித்துவிட்டுப் போகும்போது, "தீதி, இது உங்களுக்கு மட்டும்" என்று அந்தப் பெண் ஒரு சீட்டை மனைவியிடம் கொடுத்தாள். புது நம்பர். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவளுடைய மகன் எழுதிக் கொடுத்தது. எங்கே வைத்திருக்கிறாய், என் போனிலும் ஏற்றிக்கொள்கிறேன், இந்தத் தடவை ஒழுங்கான பெயரில், என்று சாயங்காலம் கேட்டேன்.

"உங்களுக்கு எதற்கு?" என்றாள் மனைவி. சீட்டு துவரம்பருப்பு டப்பாவுக்கு அடியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எடுத்துப் பார்க்கவில்லை.